முடிச்சு இல்லாத பின்னல்

அரிசி மூட்டையின் வாய்த்தையலை யாராவது பிரிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அதற்குக் கத்தரிக்கோல் தேவையில்லை. சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும். 'சர்ர்' என்று ஒரே இழுப்பில் தையல் முழுவதும் பிரிந்துவிடும். தவறான முனையை இழுத்தாலோ நூல் இறுகிக்கொள்ளுமே தவிர அசைந்து கொடுக்காது.

இதற்குக் காரணம் எளிது. அந்தத் தையலில் முடிச்சே கிடையாது. ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கடைசி வளையத்தை விடுவித்தால், அது பிடித்திருந்த வளையம் விடுபடும். பிறகு அதற்கு முந்தியதும் விடுபடும். வீட்டில் இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும் ஸ்வெட்டருக்கும் அடிப்படை இதுதான். மூட்டைத் தையலில் வளையங்கள் ஒரே வரிசையாக இருக்கின்றன. ஸ்வெட்டரில் பல வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. ஸ்வெட்டர் இழுத்தால் விரிந்து கொடுப்பதும், துணியை வெட்டாமலே உடலின் வடிவுக்கு அமைவதும், பழசான பின் பிரித்து மறுபடியும் பின்ன முடிவதும் இந்த அமைப்பால்தான். எப்படி என்று பார்ப்போம்.

நெய்த துணியும் பின்னிய துணியும்

ஒரு வேட்டியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பாருங்கள். நீளவாட்டில் ஓடும் நூல்கள் பாவு. குறுக்கே ஓடும் நூல்கள் ஊடை. ஊடை நூல் பாவு நூல்களுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து செல்கிறது. இரண்டு நூல்களும் ஏறக்குறைய நேராகவே கிடக்கின்றன. ஆகவே நூல் ஓடும் திசையில் வேட்டியை இழுத்தால் அது அதிகமாக நீள்வதில்லை.

அடுத்து ஒரு பனியனைப் பாருங்கள். வெளிப்புறத்தில், ஆங்கில 'வி' எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போன்ற நெடுவரிசைகள் தெரியும். உட்புறத்தில் சிறு சிறு பிறை வடிவங்கள் தெரியும். இவை இரண்டும் ஒரே வளையத்தின் முன்பக்கமும் பின்பக்கமுமே ஆகும். இந்த வளையத்தைக் கண்ணி என்று அழைப்போம்.

பனியனைக் குறுக்கே இழுத்தால் விரிகிறது. அப்போது நூல் நீண்டுவிட்டதா? இல்லை. கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது. உயரமாக இருந்த கண்ணி அகலமாகிறது. அகலம் கூடும்போது துணியின் உயரம் சற்றுக் குறைவதை அளவுகோல் வைத்து அளந்தே பார்க்கலாம். எஃகுக் கம்பியைக் கையால் இழுத்து நீட்ட முடியாது. ஆனால் அதே கம்பியைச் சுற்றிச் செய்த சுருள்வில் எளிதில் நீள்கிறது; விட்டால் சுருங்குகிறது. கண்ணிகளும் சிறு சிறு சுருள்விற்களைப் போலவே நடந்துகொள்கின்றன. தலை நுழையும் அளவுக்குக் கழுத்து விரிந்து, பிறகு பழைய அளவுக்குத் திரும்புவது இப்படித்தான்.

எவ்வளவு நூல் வேண்டும்?

பின்னத் தொடங்குமுன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நூல் குறைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். பிறகு வாங்கும் நூல் வேறொரு முறை சாயம் தோய்த்ததாக இருந்தால் நிறமும் சற்று வேறுபடும். அதிகமாக வாங்கினால் காசு வீண்.

விடை காண ஒரு சிறு சோதனை போதும். வாங்க நினைக்கும் நூலில் ஒரே ஒரு பந்து வாங்கி, 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள சதுரம் ஒன்றைப் பின்னுங்கள். அதில் ஒரு வரிசைக்கு 22 கண்ணிகளும், மொத்தம் 30 வரிசைகளும் அமைந்தன என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 660 கண்ணிகள். இப்போது அந்தச் சதுரத்தை நிறுத்துப் பாருங்கள். எடை 4 கிராம் என்று கொள்வோம்.

இனிக் கணக்கு எளிது. 20 செ.மீ. அகலமும் 150 செ.மீ. நீளமும் உள்ள மஃப்ளர் ஒன்றின் பரப்பு 3,000 சதுர செ.மீ. நம் சோதனைச் சதுரத்தின் பரப்பு 100 சதுர செ.மீ. எனவே மஃப்ளர் 30 சதுரங்களுக்குச் சமம். அதற்கு 120 கிராம் நூல் வேண்டும். கண்ணிகளின் எண்ணிக்கை 19,800! பின்னுபவரின் விரல்கள் அத்தனை முறையும் ஊசியில் நூலைச் சுற்றி இழுத்தாக வேண்டும்.

பின்னிக்கொண்டிருக்கும்போது, மீதமுள்ள நூல் இன்னும் ஒரு வரிசைக்குப் போதுமா என்ற ஐயம் எழலாம். ஒரு வரிசையைப் பிரித்து அளந்தால், துணியின் அகலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் இருக்கும். ஆகவே மீதி நூலைத் துணியின் அகலத்துக்கு மடித்து மடித்துப் பாருங்கள். மூன்று மடிப்பு தேறினால் ஒரு வரிசை பின்னலாம். கடைசி வரிசையை மூடி முடிக்க நான்கு மடிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

வெட்டாமல் வரும் வடிவம்

தையற்காரர் துணியை வெட்டி வடிவம் கொடுக்கிறார். கழுத்தும் கைக்குழியும் வெட்டிய பின் துண்டுகள் மிஞ்சுகின்றன. கையால் பின்னுபவருக்கு வெட்டும் வேலையே இல்லை. இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால், அந்த வரிசையில் ஒரு கண்ணி குறையும், துணி ஒடுங்கும். புதிதாக ஒரு கண்ணியைச் சேர்த்தால் துணி அகலும். இப்படிக் கூட்டியும் குறைத்தும் கை, கழுத்து, தோள் எல்லாவற்றையும் அமைத்துவிடலாம். வெட்டுத்துண்டு எதுவும் மிஞ்சாது.

இயந்திரங்கள் வந்த பிறகு நிலை மாறியது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-ஆம் ஆண்டில் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கையால் பின்னும்போது ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் உருவாகும். லீயின் பொறியில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஊசி இருந்ததால் ஒரு வரிசை முழுவதையும் ஒருங்கே பின்ன முடிந்தது. திருப்பூரில் இன்று ஓடும் வட்டப் பின்னல் இயந்திரங்கள் துணியை நீண்ட குழாயாகப் பின்னித் தள்ளுகின்றன. வேகம் மிக அதிகம். ஆனால் அந்தத் துணியை வெட்டித் தைத்தால்தான் பனியன் ஆகும். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை நீங்கள் எங்கோ பார்த்திருப்பீர்கள். மோட்டார் பட்டறைகளில் எண்ணெய்க் கையைத் துடைக்கப் பயன்படும் 'பனியன் வேஸ்ட்' அதுதான்.

பிரிக்கலாமா, கூடாதா?

குழந்தைகள் வளர்கிறார்கள், ஸ்வெட்டர் வளர்வதில்லை. உதகை, கொடைக்கானல் போன்ற குளிரூர்களில் இரண்டு குளிர்காலம் கழிந்ததும் கை குட்டையாகிவிடுகிறது. முழங்கையில் தேய்ந்தும் போகிறது. ஆனால் மற்ற இடங்களில் நூல் நன்றாகவே இருக்கும். அதைத் தூக்கி எறிய வேண்டுமா?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. அங்கே 1941 ஜூன் 1 முதல் ஆடைகளுக்குப் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள்தான். பின்னல் நூல் வாங்கவும் கூப்பன் தேவைப்பட்டது. உள்ளதைச் சீர்செய்து உடுத்தும் வழிகளை விளக்கி 1943-இல் அரசே ஒரு கையேட்டை வெளியிட்டது. பெரியவர்களின் பழைய கம்பளி ஆடைகளைப் பிரித்துக் குழந்தைகளுக்குப் புதியவை பின்னினார்கள். பங்கீடு 1949 மார்ச்சில்தான் முடிவுக்கு வந்தது.

பிரிக்குமுன் ஸ்வெட்டரின் பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் நூல் அறுபடாமல் அடுத்த வரிசைக்குத் திரும்பிச் சென்றால், அது வெட்டாமல் பின்னியது. தையலைப் பிரித்து எடுத்துவிட்டு, கடைசியாக முடித்த வரிசையின் முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் நூல் தொடர்ச்சியாக வரும். ஓரம் வெட்டப்பட்டு, இழைகள் சிதறாதபடி நெருக்கமாகத் தைத்திருந்தால் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலும் நூல் அறுந்திருப்பதால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

பிரித்த நூல் ஏன் நெளிகிறது?

பிரித்தெடுத்த கம்பளி நூல் நேராக இருப்பதில்லை. கண்ணியாக இருந்தபோது வளைந்த இடங்களிலெல்லாம் நெளிந்தே நிற்கும். அப்படியே மீண்டும் பின்னினால் கண்ணிகள் மேடும் பள்ளமுமாக அமையும்.

இதற்கு விடை நம் தலையிலேயே இருக்கிறது. ஈரத் தலையைச் சடை பின்னிக் காயவிட்டு, பிறகு அவிழ்த்தால் முடி நெளி நெளியாக இருக்கும் அல்லவா? மறுபடி தலையை நனைத்தால் நெளிவு மறைந்துவிடும். நம் முடியும் செம்மறி ஆட்டின் உரோமமும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் கம்பளி இழைகளை எக்ஸ் கதிர்களால் படமெடுத்தார். இழுத்த இழையின் படம் வேறு, இழுக்காத இழையின் படம் வேறு என்று கண்டார். இழுக்கும்போது மூலக்கூறே வடிவம் மாறுகிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. அந்த மூலக்கூறு சுருள் வடிவானது என்பதை லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1951-இல் விளக்கினார்கள்.

இந்தச் சுருள்களை இருவகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. கந்தக அணுக்கள் இணைந்து உண்டாகும் பிணைப்புகள் வலிமையானவை. ஹைட்ரஜன் பிணைப்புகள் வலிமை குறைந்தவை. நீர் பட்டால் விட்டுவிடும், உலர்ந்தால் மீண்டும் உண்டாகும். வளைந்த நிலையில் நூல் உலர்ந்தால் ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்த வளைவை 'நினைவில்' வைத்துக்கொள்கின்றன. நனைத்தால் அந்த நினைவு அழிகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பிரித்த நூலை நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்குங்கள். சிக்காமல் இருக்க நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். கசக்காமல், முறுக்காமல், துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். நன்றாக உலர்ந்ததும் நெளிவு பெரும்பாலும் போயிருக்கும். பந்தாகச் சுற்றும்போதும் இறுக்காதீர்கள். இழுத்துச் சுற்றிய நூல் பின்னிய பிறகு சுருங்கும்.

செதில்கள் செய்யும் வேலை

கசக்கக் கூடாது என்றோமே, ஏன்? கம்பளி இழையின் மேற்பரப்பில் மீனுக்கு இருப்பதுபோலச் செதில்கள் இருக்கின்றன. வெந்நீரிலும் சோப்பிலும் போட்டுத் தேய்த்தால் இழைகள் நகர்ந்து செதிலோடு செதில் மாட்டிக்கொள்கின்றன. முன்னோக்கி நகர்ந்த இழை பின்னோக்கி வர முடிவதில்லை. துணி சுருங்கித் தடித்துவிடும். அதற்குப் பிறகு எந்த முனையை இழுத்தாலும் பிரியாது.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். இரண்டு கம்பளி நூல்களை இணைக்க வேண்டுமா? முனைகளைச் சற்றுப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நனைத்து, உள்ளங்கைகளுக்கு இடையே வேகமாக உருட்டுங்கள். முடிச்சுப் போடாமலே இரண்டும் ஒன்றாகிவிடும். சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளியில் மட்டும் இது பலிக்காது.

கடைகளில் 'உல்லன்' என்று விற்கும் நூலில் ஒரு பகுதி கம்பளியே அன்று. அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. பெரியவர்கள் உடனிருக்க, ஒரு சிறு துண்டை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால் வேறுபாடு தெரியும். கீழே தண்ணீர்த் தட்டு இருக்கட்டும். கம்பளி மெதுவாக எரிந்து முடி கருகும் நாற்றம் வீசும். சாம்பல் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கெட்டியான கறுப்பு உருண்டையாகும். அக்ரிலிக் நூலையும் பிரித்து மறுபடி பின்னலாம். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கக் கூடாது. வெப்பத்தில் இளகிய இழை தன் மீள்தன்மையை நிரந்தரமாக இழந்துவிடும். அதை நனைத்து மீட்க முடியாது.

மீதி நூலை என்ன செய்வது?

ஒரே பருமனுள்ள மீதி நூல்களை இரண்டிரண்டு வரிசைக்கு ஒன்றாக மாற்றிப் பின்னினால் பட்டை போட்ட குல்லாய் கிடைக்கும். சிறு சதுரங்களாகப் பின்னிச் சேர்த்தால் போர்வையாகும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்வெட்டரின் நூலிலும் சில மீட்டரை ஒதுக்கி, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்து அலசி வையுங்கள். ஆடை வெளிறும்போது அதுவும் கூடவே வெளிறும். ஒரு கண்ணி அறுந்தால் அதன் கீழே உள்ள கண்ணிகளும் ஏணிப்படிபோல இறங்கத் தொடங்கும். உடனே குரோஷா ஊசியால் அவற்றை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, அறுந்த இடத்தை அதே நிற நூலால் இணைத்துவிடலாம். அன்றே செய்தால் பத்து நிமிட வேலை. தள்ளிப்போட்டால் ஒரு முழுப் பக்கத்தையே பின்ன வேண்டியிருக்கும்.