வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள்

1994 மார்ச். இஸ்தான்புல் மேயர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் வேலைக்குப் போன பகல் நேரத்தில், முக்காடிட்ட பெண்கள் புறநகரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கொடுத்த டீயைக் குடித்தார்கள். பிரசவம், பிள்ளைகளின் படிப்பு, விலைவாசி என்று சுற்றிவிட்டுத்தான் பேச்சு ரெஃபா என்ற இஸ்லாமியக் கட்சிக்கு வரும். ஆண் தொண்டன் தாண்ட முடியாத வாசற்படி அது. எதிர் ஓட்டுகள் சிதறிப்போக, சுமார் 25 சதவீத வாக்கிலேயே அந்தக் கட்சியின் வேட்பாளர், பின்னாளில் துருக்கி அதிபரான எர்டோகன், மேயரானார்.

இஸ்தான்புல்லில் அந்த மகளிர் அணியை நடத்தியவர் சிபெல் எராஸ்லான். சட்டம் படித்தவர். ஜெயித்த பிறகு அவருக்குப் பதவி எதுவும் வரவில்லை. 1995 பொதுத்தேர்தலில் 158 இடங்களோடு ரெஃபா முதலிடம் பிடித்தது. அந்த 158 பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஓட்டுக் கேட்க அக்கா வேண்டும், நாற்காலிக்கு அண்ணன் போதும். நாமும் பார்த்துப் பழகிய கணக்குதான்.

மதச்சார்பற்ற தரப்பு மட்டும் யோக்கியமா? 1999 மே 2 அன்று, ரெஃபாவின் வாரிசான ஃபஸிலெட் கட்சியின் மெர்வே கவாக்சி முக்காட்டோடு எம்.பி.யாகப் பதவியேற்க நாடாளுமன்றத்துக்கு வந்தார். எம்.பி.க்கள் மேசையைத் தட்டி "வெளியே போ" என்று கத்தினார்கள். பிரமாணம் எடுக்காமலே திரும்பினார். சில நாட்களில் குடியுரிமையும் பறிபோனது. எர்டோகனுக்கு அதைவிடப் பெரிய பிரசாரத்தை யாரும் செய்து கொடுத்திருக்க முடியாது.

2002-ல் அவருடைய நீதி மற்றும் வளர்ச்சிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 2013-ல் நான்கு பெண் எம்.பி.க்கள் முக்காட்டோடு அவைக்குள் வந்தார்கள், யாரும் துரத்தவில்லை. பழைய மனக்குறை தீர்ந்தது. கூடவே, அதைச் சொல்லி ஓட்டுக் கேட்கும் வசதியும் போனது.

இன்று கேள்வி வேறு: வீட்டுக்குள் அடி விழுந்தால் சட்டம் யார் பக்கம்? பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2011-ல் இஸ்தான்புல்லிலேயே கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து 2021-ல் எர்டோகன் ஓர் ஆணையில் விலகினார். அவர் மகள் நிர்வாகத்தில் இருந்த காடெம் பெண்கள் அமைப்பே முன்பு அந்த உடன்படிக்கையை ஆதரித்திருந்தது. 2023-ல் கூட்டணி பேசவந்த புதிய ரெஃபா கட்சி, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமான 6284-லும் கைவைக்கச் சொன்னது. ஆளுங்கட்சிப் பெண் தலைவர் ஓஸ்லெம் ஸெங்கின், அது தங்கள் எல்லைக்கோடு என்று வெளிப்படையாக எதிர்த்து, சொந்த முகாமிலேயே வசை வாங்கினார்.

2024 உள்ளாட்சித் தேர்தலில் ஆளுங்கட்சி முதன்முறையாக நாடு முழுக்க இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. முக்கியக் காரணம் விலைவாசி. பெண்களின் கோபம் மட்டும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் உஸ்குதாரைப் பாருங்கள். இஸ்தான்புல்லின் பக்திமிக்க பகுதி, எர்டோகன் வாக்களிக்கும் இடம், 1994 முதல் அவர்கள் அணியின் கையில் இருந்தது. அங்கே ஜெயித்தவர் எதிர்க்கட்சியின் சினெம் தேதேதாஷ். நகரப் படகுப் போக்குவரத்தை நிர்வகித்த பொறியாளர். முக்காடு போடாத பெண்.