நிலநடுக்கத்துக்கு நொட்டேஷன் எழுதலாமா?

எம்-3 பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்கும் சரி, தப்பித்தவர்களுக்கும் சரி... ஃபோரியர் என்ற பெயரைக் கேட்டாலே லேசாகக் காய்ச்சல் அடிக்கும். 'இதெல்லாம் எங்கேப்பா யூஸ் ஆகப்போகுது?' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். பதில் இருக்கு. கொஞ்சம் சீரியஸான பதில்.

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி பிளந்தது. முதல் நில அதிர்வு அலை சென்னைக்கு வந்து சேர சுமார் 4 நிமிடம்தான். சுனாமி வந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இடைவெளியில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் போட்ட கணக்கு 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. பின்னாளில் உறுதியான அளவு 9.1. 'ஒண்ணே கால்கூட இல்லையே'ன்னு நினைக்காதீங்க. 8.0-க்கும் 9.1-க்கும் நடுவே ஆற்றலில் சுமார் 45 மடங்கு வித்தியாசம்!

ஏன் இப்படி ஆச்சு? சின்ன நிலநடுக்கம் படபடவென அதிர்ந்து அடங்கிவிடும். இது ராட்சசன். சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு, எட்டு முதல் பத்து நிமிடம் வரை கிழிந்துகொண்டே போனது. அதன் பலம் ஒளிந்திருந்தது, ஒருமுறை ஏறி இறங்கவே பல நிமிடம் எடுக்கும் மெதுவான அலைகளில். முதலில் வந்த அலையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஆக, என்ன அதிர்வெண், எப்போது வந்தது... இரண்டுக்கும் சேர்த்துப் பதில் வேண்டும்.

இங்கேதான் ஃபோரியர் கையை விரிக்கிறார். ஒரு பாட்டில் எத்தனை 'ச', எத்தனை 'ப' என்று கணக்குக் கொடுப்பார். எது எப்போ வந்தது? சொல்ல மாட்டார். பதிவைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே நீளம் என்றால், படபட அலைக்கு அது பெரிசு, மெதுவான அலைக்கு அது சிறுசு!

இந்தத் தலைவலி 1980-களின் தொடக்கத்தில் ழான் மோர்லே என்பவருக்கும் வந்தது. பிரான்ஸின் எல்ஃப் அக்கிட்டேன் நிறுவனத்தில், பூமிக்குள் அனுப்பிய அதிர்வின் எதிரொலியை வைத்து எண்ணெய் தேடியவர். அவர் செய்த வேலை சிம்பிள். சின்னதாக ஒரு அலைத்துணுக்கு. வேகமான அதிர்வுக்கு அதைச் சுருக்கு, மெதுவானதற்கு இழு. அதுதான் வேவ்லெட். இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனோடு சேர்ந்து 1984-ல் இதற்குக் கணித அஸ்திவாரமும் போட்டார்.

இன்று மேட்லாபிலோ பைத்தானிலோ சில வரிகள் எழுதினால் போதும், 'ஸ்கேலோகிராம்' என்ற வண்ணப்படம் வந்துவிடும். குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண், வண்ணத்தில் பலம். முதலில் பி அலை, அடுத்து எஸ் அலை, கடைசியாக ஒரு வளைந்த வால். அந்த வால்தான் மேற்பரப்பு அலைகள். நீளமான அலைகள் ஆழம் வரை தொட்டுச் செல்லும். ஆழத்துப் பாறையில் வேகம் அதிகம், அதனால் அவை முந்திக்கொண்டு வரும். வால் எப்படி வளைகிறது என்பதை வைத்தே, வழியில் பூமியின் மேலோடு எப்படி இருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

மந்திரம் எல்லாம் இல்லை பாஸ். மெதுவான அலை வந்த நேரம் படத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். பதிவின் இரு ஓரங்களையும் அப்படியே நம்பக் கூடாது. 2006-ல் சைமன்ஸ், டாண்டோ, ஆலன் மூவரும் தெற்கு கலிபோர்னியா பதிவுகளில் பி அலையின் முதல் சில விநாடிகளை வேவ்லெட்டால் அலசி, நிலநடுக்கத்தின் அளவைச் சீக்கிரம் சொல்ல வழி தேடினார்கள். ஆனால் பத்து நிமிடம் கிழியும் ராட்சசனின் முழு உயரத்தை முதல் சில விநாடிகள் சொல்லிவிடாது. அதனால்தான் 2007 முதல் இயங்கும் ஐதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் நில அதிர்வோடு கடல் மட்டத்தையும் சேர்த்தே கண்காணிக்கிறது.

லேப்டாப் இருக்கா? 'ஆப்ஸ்பை' என்ற பைத்தான் தொகுப்பு இலவசம், வேவ்லெட் வசதி உள்ளேயே இருக்கு. 2004 டிசம்பர் 26-ன் பதிவுகளும் எர்த்ஸ்கோப் களஞ்சியத்தில் இலவசம். கருவியின் தாக்கத்தை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்க. படத்தின் அடிப்பக்கம் மெதுவாக எழும் பட்டைகள்தான், 8.0 என்ற முதல் கணக்கில் வராமல் போனவை.