யக்கூ! சந்திரகாந்தாவின் திரைச்சீலைக்குப் பின்னால்

முதலில் அந்தப் புருவம். அதைச் சொல்லாமல் வேறெதையும் தொடங்க மனசு வரவில்லை. பாதி நெற்றிவரை ஏறி, நுனியில் மேல்நோக்கிச் சிலிர்த்து நிற்கும் இரண்டு கொத்துப் புருவங்கள். கீழே உருட்டி விழிக்கும் கண்கள். வாயைத் திறந்தால் "யக்கூ!" 1994-ல் தூர்தர்ஷனில் 'சந்திரகாந்தா' பார்த்த யாரையும் இன்று நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள். இளவரசன் பெயர் மறந்திருக்கலாம், வில்லன் குரூர் சிங்கை மறந்திருக்கவே மாட்டார்கள். அந்தப் புருவத்துக்குள் ஒளிந்திருந்த அகிலேந்திர மிஸ்ராவை நீங்கள் பிறகும் பார்த்திருக்கிறீர்கள். 2001-ல் வந்த 'லகான்' படத்தில் ஊருக்காக மட்டை பிடிக்கிறாரே கொல்லர் அர்ஜன், அவரேதான்! புருவத்தை எடுத்துவிட்டால் அடையாளமே தெரியாது.

போர்ட் பிளேரை ஒட்டிய எங்கள் கராச்சர்மாவில் இந்தத் தொடருக்குத் தனி மவுசு. இங்கே தமிழர் வீடு, வங்காளி வீடு, தெலுங்கு வீடு, ராஞ்சிக்காரர் வீடு எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். வீட்டுக்குள் அவரவர் பேச்சு, வாசலைத் தாண்டினால் இந்தி. சென்னையிலிருந்து வாரப் பத்திரிகை வர மூன்று நாள் கப்பல் பயணம் வேண்டும். குரூர் சிங்குக்கோ வானத்திலிருந்து நேரே வரும் வசதி. சென்னையிலிருந்த சித்தப்பா பிள்ளைகள் வாளையும் குதிரையையும் மட்டும் பார்த்து ரசித்தார்கள். எங்களுக்கு வசனமும் சேர்ந்து கிடைத்தது. அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆன்டெனாவைத் திருப்பக் கூரை மேல் ஒருவர், வாசலில் ஒருவர், டிவி முன்னால் தெருப் பிள்ளைகள் முழுக்க.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்புங்க!"

"இப்ப தெரியுதாடா?"

"தெரியுது, ஆனா ராஜா ரெண்டு பேரா தெரியுறாரு!"

அந்தத் தொடரில் ஒருவர் இருவராகத் தெரிவதுதான் முறையே. எனக்கு அதன் மயக்கம் முழுக்க அதில்தான். நவ்கட் இளவரசன் வீரேந்திரன், விஜயகட் இளவரசி சந்திரகாந்தா, நடுவில் புகுந்து அவளை அடையத் துடிக்கும் சுனார்கட் அரசன் சிவதத்தன்: காதல் கதை நாலு வரிதான். கதையை நடத்துகிறவர்கள் அய்யார்கள். பாதி ஒற்றர், பாதி வித்தைக்காரர். இடுப்பில் ஒரு பை. அதற்குள் முகம் மாற்றும் சாயம், மூக்கில் பட்டால் ஆளைச் சாய்க்கும் பொடி, சாய்ந்தவரை எழுப்ப லக்லகா என்ற வாசனை மருந்து, மதிலேற நூலேணி. எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாள் சுழற்றியதைப் பார்த்து வளர்ந்த தமிழ்க் கண்ணுக்கு வாள் சண்டை புதிதல்ல. ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் ஆளுக்கொரு மாயப் பையோடு கிளம்பினால் எப்படி இருக்கும்? அதுதான் அய்யார் கூட்டம்! வாசலில் நிற்கும் காவலன் காவலன்தானா என்று ஒவ்வொரு காட்சியிலும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

இப்போது திரைச்சீலையை விலக்குங்கள். பின்னாலும் அதே ஆள்மாறாட்டம்! சிவதத்தனாக வந்த பங்கஜ் தீர் யார்? 'மகாபாரத'த்தில் நம்மை அழவைத்த கர்ணன். வீரேந்திரனாக வாள் சுழற்றிய ஷாபாஸ் கான் அதற்கு முன் 'திப்பு சுல்தானின் வாள்' தொடரில் ஹைதர் அலி. அப்பாவோ இந்துஸ்தானி இசை மேதை உஸ்தாத் அமீர் கான். சந்திரகாந்தாவாக நடித்த ஷிகா ஸ்வரூப் 1988-ல் அழகிப் பட்டம் வென்றவர், துப்பாக்கி சுடும் போட்டியிலும் தங்கம் வாங்கியவர். யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்கிற இளவரசியா அவர்? தலைப்புப் பாடலில் ஒலித்த இளங்குரல், நாடே பெயர் சொல்லத் தொடங்கியிராத சோனு நிகமுடையது. பத்ரிநாத், சோம்நாத் என்ற இரட்டையர் இருவராகவும் வந்த ஒல்லி மனிதர்? இர்ஃபான் கான்! பின்னாளில் ஹாலிவுட் தேடிவந்த அந்தக் கண்கள், அன்று ஞாயிறு காலையில் எங்கள் பதினான்கு அங்குலத் திரையில் உருண்டுகொண்டிருந்தன.

தயாரித்தவர் நீரஜா குலேரி, இயக்கியவர் சுனில் அக்னிஹோத்ரி. கதையின் வேர் இன்னும் பழையது. தேவகிநந்தன் கத்ரி 1888-ல் எழுதிய நாவல் அது. கத்ரி மேசைக்கு முன் உட்கார்ந்தே கற்பனை செய்தவரல்ல, காட்டுக் குத்தகைதாரர். காசிக்குத் தெற்கே சக்கியா, நவ்கட் காடுகளில் மரக் கணக்குப் பார்க்கப் போன இடத்தில் பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவைதாம் கதையில் திறக்க முடியாத மாயக் கட்டடங்களாக, திலிஸ்ம்களாக எழுந்து நின்றன. கங்கைக் கரையில் சுனார் கோட்டை இன்றும் இருக்கிறது. இந்த நாவலைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றார்கள் என்று வடக்கே பெருமையாகச் சொல்வார்கள். நான் முழுசாக நம்புகிறேன். கராச்சர்மாவில் என் அத்தை கடைசிவரை கடைக்காரரிடம் இந்தியில் தயங்கித்தான் பேசினார், ஆனால் சிவதத்தனைத் திட்டும்போது ஒரு வார்த்தை பிசகியதில்லை.

1996-ல் தூர்தர்ஷன் தொடரை நிறுத்தியபோது விவகாரம் நீதிமன்றம்வரை போனது. 2017-ல் ஒரே ஆண்டில் இரண்டு சேனல்கள் போட்டி போட்டுக்கொண்டு சந்திரகாந்தாவைப் புதிதாக எடுத்தன. கணினி வரைகலை, பளபளப்பு, எதற்கும் குறையில்லை. எனக்கு ஒட்டவில்லை. பழையதில் புகை கிளம்பும், காட்சி வெட்டும், புகை விலகினால் கிழவி நின்ற இடத்தில் வாலிபன் நிற்பான். தந்திரம் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது, எப்படி நடந்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது, ஆனாலும் கைதட்டத் தோன்றுகிறது! ஏமாறுவதற்கு நாமும் சம்மதித்துக் கூட்டுச் சேர்கிற அந்தச் சந்தோஷத்தைக் கணினியால் கொடுக்க முடியவில்லை.

பழைய தொடர் இப்போது யூடியூபில் இருக்கிறது. போன விடுமுறையில் அக்கா மகனை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். முதலில் கைப்பேசியைத்தான் நோண்டிக்கொண்டிருந்தான். குரூர் சிங் வந்தான், கைப்பேசி கீழே போனது. இப்போது தானாகவே பார்த்துக்கொண்டு போகிறான். "மாமா, இது பத்ரிநாத்தா, சோம்நாத்தா, இல்ல வேஷம் போட்ட வேற ஆளா?" என்று நேற்றும் போன் பண்ணிக் கேட்டான். நான் சொல்லவே மாட்டேன்!