போர்வெல் பாறையைத் தண்ணீரே பிளக்குமா? எப்படி?

கடத்தூர்ப் பக்கம் போர் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ரிக் வண்டி கிளப்பும் புழுதி எல்லாம் பாறைப் பொடி. தர்மபுரி மாவட்டத்துக்கு அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் அதன் விரிசல்களில்தான் ஓடும். போர் விரிசலைத் தொடாவிட்டாலோ, விரிசலில் மண் அடைத்துக்கொண்டாலோ, குழி வறண்டதுதான்.

என்ன செய்யலாம்? குழிக்குள் ரப்பர் அடைப்பானை இறக்கி உப்பவைத்து, அதற்குக் கீழே தண்ணீரை வேகமாக அழுத்துவார்கள். போக வழியில்லாத தண்ணீர் விரிசலை விரித்து, அடைப்பைத் தள்ளி, பக்கத்து விரிசலோடு சேர்த்துவிடும். குடிநீர் வடிகால் வாரியம் பழைய கைபம்புக் குழிகளுக்கு இப்படி உயிர் கொடுப்பதுண்டு.

அப்படியானால் 2017-ல் டெல்டாப் பக்கத்து நெடுவாசல் கிராமம் ஏன் கொதித்தது? ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தவர்கள் பயந்தது இதன் பெரியண்ணனுக்கு. அவர் கிலோமீட்டர் கணக்கில் இறங்கி, மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரை அழுத்துவார். கதவு சாத்திக்கொள்ளாமல் இடுக்கில் கல் வைப்போமே, அந்த வேலை மணலுக்கு. திறந்தே நிற்கும் விரிசல் வழியே எரிவாயு வரும்.

ஆபத்து பெரும்பாலும் ஆழத்து விரிசலில் இல்லை. குழாயைச் சுற்றிய சிமென்ட் பழுதானால் நிலத்தடி நீர் கெடும். மேலே திரும்பும் கழிவுநீரை எங்கே கொட்டுவது? அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தினார்கள், 2016-ல் 5.8 அளவு நிலநடுக்கம் வந்தது. டெல்டா விவசாயியின் பயம் வீண்பயம் அல்ல. 2020-ல் தமிழ்நாடு சட்டம் போட்டு அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது.

கடத்தூர்ப் பாறையில் வாயு கிடையாது. அழுத்துவதும் வெறும் தண்ணீர். ஆனால் இது ஃப்ளூரைடு மாவட்டம். போரில் தண்ணீர் பீறிட்டாலும், குடிக்குமுன் ஒரு பாட்டிலைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.