கணுவும் வெடிப்பும்

மரம் அறுக்கும் தொழில் பெரும் வியாபாரமாக விருத்தியடைந்துவிட்ட அமெரிக்க தேசத்திலே, 1898-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் கூடிய மர வியாபாரிகள் தமக்கென ஒரு தேசிய சங்கத்தை ஸ்தாபித்துக்கொண்டு, பலகைகளைத் தரம் பிரிப்பதற்கான விதிகளை வகுத்தார்கள். சிற்சில மாறுதல்களுடன் இன்றளவும் அமலில் இருக்கும் அவ்விதிகளின்படி, முதல்தரம் என்று முத்திரை பெற வேண்டிய பலகையிலிருந்து, அதன் பரப்பில் நூற்றுக்கு 83 பங்குக்கு மேல் கணுவோ, வெடிப்போ, கறையோ, புழுத்துளையோ அற்ற சுத்தமான துண்டுகள் கிடைத்தாக வேண்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் பலகை ஒரு படி இறங்கும்; இன்னும் குறைந்தால் இன்னும் ஒரு படி இறங்கும்; கடைசியில் அது சரக்குப் பெட்டிக்கோ அடுப்புக்கோ போய்ச் சேரும். ஒரே அளவான நூறு நாற்காலிகளை இயந்திரத்தில் செய்து தள்ளும் தொழிற்சாலைக்கு இந்த ஏற்பாடு மிகவும் சௌகரியமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கையால் ஒரே ஒரு மேஜை செய்ய உட்காரும் தச்சனுக்கு, விதிப்புத்தகம் பழுது என்று குறித்துவைத்த ஒவ்வொன்றும் மரத்தின் ஜீவியத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் என்பதும், அந்தச் சம்பவத்தின் காரணத்தை அறிந்தாலன்றி அதை வைத்துக்கொள்ளலாமா, வெட்டி எறிய வேண்டுமா என்று தீர்மானிக்க முடியாது என்பதும் தெரியும்.

முதலில் கணுவை எடுத்துக்கொள்வோம். கிளையொன்று அடிமரத்தின் நடுவிலிருந்து புறப்படுகிறது. அடிமரம் ஆண்டுதோறும் ஒரு வளையம் பருக்கப் பருக்க, கிளையின் அடிப்பாகம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள்ளே புதைந்துகொண்டே வருகிறது. கிளை உயிரோடு இருக்கும் வரையில் இரண்டின் வளையங்களும் இடையறாத தொடர்ச்சியாக வளர்வதால், அறுத்த பலகையில் அந்தக் கணு இறுகப் பிணைந்து நிற்கும். கிளை பட்டுப்போய்விட்டாலோ, அடிமரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடுமேயன்றி அதனோடு ஒட்டுவதில்லை. பட்டையும் உடன் அகப்பட்டுக்கொள்ளும். பலகை உலர்ந்ததும் கணு கழன்று விழுந்து துளை மிஞ்சும். ஒரே கிளை, உட்புறத்தில் கெட்டியான கணுவாகவும் வெளிப்புறத்தில் கழலும் கணுவாகவும் இருப்பதற்குக் காரணம் அது உயிரோடிருந்த காலமும் இறந்தபின் கழிந்த காலமுந்தான்.

கணுவைக் கண்டால் ஆசாரி முகம் சுளிப்பதற்கு நியாயமுண்டு. நேராக ஓடிவந்த நார்கள் அங்கே விலகி வளைவதால் இழைப்புளி ஒரு திசையில் வழவழப்பாகச் சீவி, ஓர் அங்குலம் தாண்டியதும் நாரைப் பிய்த்தெடுக்கிறது. அதே வளைவுதான், மெருகேற்றியபின் வெளிச்சத்தை ஒவ்வொரு கோணத்தில் திருப்பியனுப்பி, பார்ப்பவன் நகர நகரப் பலகையின் பரப்பில் பளபளப்பு இடம் மாறும்படி செய்கிறது. பூஞ்சைக் கறையின் சங்கதியும் இத்தகையதே. விழுந்து கிடக்கும் மரத்தில் குடியேறும் பூஞ்சைகள், ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாதபடி மெலனின் நிறைந்த மெல்லிய கருங்கோடுகளை எழுப்பிக்கொள்கின்றன. அந்தக் கோடுகள் உண்டாகி, மரம் இன்னும் உளுத்துப்போகாத தருணத்தில் அறுத்து உலர்த்திவிட்டால், எந்த ஓவியனும் இழுக்கத் துணியாத சித்திரம் கிடைக்கும். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் செய்த கைவினைஞர்கள், இலைகளையும் மலைகளையும் காட்டுவதற்கு, ஒருவகைப் பூஞ்சை பச்சையேற்றிய மரத்தைத் தேடிப்பிடித்துப் பயன்படுத்தினார்கள்.

வெடிப்புக்கு வருவோம், விஷயத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கிறது: உயிரணுக்களின் உட்குழிவில் தளும்பும் நீர் ஒன்று, அவற்றின் சுவர்களிலே பிணைந்த நீர் மற்றொன்று. முன்னது வெளியேறும் வரையில் மரம் எடை குறையுமேயன்றி அளவு குறையாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு வந்து, சுவர்களின் நீர் ஆவியாகத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்க ஆரம்பிக்கிறது. அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் சமமாக இல்லை. நீளவாக்கில் அது கணக்கில் வராத அற்பம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரவாக்கில் ஓரளவு. வளையங்களைத் தழுவிச் செல்லும் சுற்றுவாக்கில் அதைவிட அதிகம், சில மரங்களில் இரட்டிப்பு. நடுவிலிருந்து புறப்படும் கதிர்த் திசுக்கள் ஆரவாக்கில் கட்டைபோல் நின்று சுருக்கத்தைத் தடுப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

அக்ரோட்டு வகையைச் சேர்ந்த அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரம் முற்றாக உலரும்போது ஆரவாக்கில் 5.5 சதவீதமும் சுற்றுவாக்கில் 7.8 சதவீதமும் சுருங்குகிறது. 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வால்நட் உருளையின் சுற்றளவு சுமார் 188 சென்டிமீட்டர். ஆரம் சுருங்கிய அளவுக்கு வட்டம் மூடவேண்டுமானால் 178 சென்டிமீட்டர் மரம் வேண்டும். சுற்றுவாக்கில் சுருங்கிய மரமோ 174 சென்டிமீட்டருக்குள் முடிந்துபோகிறது. பற்றாத நான்கு சென்டிமீட்டர் எங்கே போகும்? பட்டையிலிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவில் ஒரு வாயாகத் திறந்துகொள்ளும். எவ்வளவு நிதானமாக உலர்த்தினாலும் முழு உருளையில் இந்தக் கணக்குக்குத் தப்ப வழியில்லை. பலகையாக அறுத்துவிட்டால் நெருக்கடி பெரிதும் தணியும் என்றாலும், குறுக்கு வெட்டான முனைகளின் வழியே நீர் மிக விரைவாக வெளியேறுவதால் அங்கே பிளவு காண்பது சகஜம். முனைகளுக்கு மெழுகோ வர்ணமோ பூசிவைப்பதும், பலகைகளுக்கிடையே சிறு சட்டங்கள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குவதும், அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று காத்திருப்பதும் அதனால்தான்.

இந்த வெடிப்பை மறைக்காமல் மேஜையின் நடுவே வைத்து, அதையே அதன் அழகாக்கிய மனிதர் ஜார்ஜ் நகாஷிமா. 1905-இல் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டடக் கலை பயின்று, டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்டு என்பவரின் அலுவலகத்தில் பணிபுரிந்த இவர், அந்த அலுவலகம் வரைந்துகொடுத்த கோல்கோண்டா விடுதியின் நிர்மாணத்தை மேற்பார்வையிட 1937-இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தில் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் தங்கி, சுந்தரானந்தர் என்ற நாமமும் பெற்றார். யுத்தம் மூண்டபின், ஜப்பானிய வம்சத்தினர் என்ற ஒரே காரணத்துக்காக 1942-இல் குடும்பத்தோடு இடாஹோவின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தேர்ந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் உளி பிடிக்கும் நுட்பத்தையும், கழிவுப் பலகைகளையும் பாலைவனப் புதர்க் கட்டைகளையும் வீணாக்காமல் உபயோகிக்கும் சிக்கனத்தையும் கற்றார். மறு ஆண்டு விடுதலையாகிப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் கிராமத்தில் பட்டறை அமைத்தபோது, கையில் பணமில்லாத காரணத்தால் மற்றவர்கள் ஒதுக்கிய பலகைகளையே அவர் வாங்க நேர்ந்தது. இல்லாமை கற்பித்ததைப் பிற்காலத்தில் செல்வம் வந்தபோதும் அவர் கைவிடவில்லை. மரத்தை அறுக்கும் இடத்துக்குத் தாமே சென்று, வாள் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று நின்று சொல்லுவார்.

வெடிப்பை அவர் பிணைத்த முறை உற்றுப் பார்க்கத் தக்கது. இருமுனையும் அகன்று இடை ஒடுங்கிய, உடுக்கை போன்ற வடிவமுள்ள ஒரு கடின மரத்துண்டை, வெடிப்பின் குறுக்கே அதே வடிவில் கொத்திய பள்ளத்தில் இறுக்கிப் பதிக்கிறார்கள். பலகையின் நார் வெடிப்போடு ஓட, துண்டின் நார் அதற்குக் குறுக்காக ஓட வேண்டும். மரம் நார்வாக்கில் இழுவையைத் தாங்கும் வலிமை குறுக்குவாக்கின் வலிமையைப்போல் பல மடங்கு. மேஜையின் பாதிப் பாகம் விலக எத்தனித்தால், அகன்ற முனைகள் பள்ளத்தின் சாய்வான சுவரில் முட்டி அதைத் தடுக்கின்றன. ஆனால் துண்டை நீளமாக வைத்துவிடக் கூடாது. நீளவாக்கில் சுருங்காத அந்தத் துண்டு, சுருங்கும் பலகையை விறைப்பாகத் தாங்கிக்கொண்டு நின்று, வேறோர் இடத்தில் புதிய வெடிப்பை உண்டாக்கிவிடும்.

பழுதை ஆராதிப்பவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. மேஜையின் மேற்பலகையில் அலங்காரமாகும் கணு, நாற்காலிக் காலில் இருந்தால் அபாயம். பாரம் தாங்கும் சட்டத்தில் இழுவை படும் விளிம்பிலே கணு இருந்தால் அங்கேதான் அது முறியும். சாய்ந்து வளர்ந்த மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒருபுறம் உண்டாக்கும் விசேஷத் திசு, மற்ற மரத்துக்கு மாறாக நீளவாக்கிலும் சுருங்கிப் பலகையை முறுக்கிவிடும். அதை எவ்வளவு ரசிகனாயிருந்தாலும் அடுப்பில் வைப்பதே உசிதம். நிலைக்கும் உத்தரத்துக்கும் கணுவுள்ள மரத்தைத் தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் நம் ஊர் ஆசாரியை ரசனையற்றவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இப்போது வெடிப்புகளில் நீலவர்ண எபாக்ஸி பிசினை ஊற்றி நிரப்பி, நதி ஓடுவதுபோல் மேஜை செய்யும் மோகம் எங்கும் பரவியிருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை. ரசனையை விட்டுவிட்டாலும் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: காற்றின் ஈரத்தைப் பிசின் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, அதனோடு ஒட்டிய மரமோ ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். நன்றாக உலராத பலகையில் அவசரமாக ஊற்றினால், ஒட்டிய இடத்திலே நாளடைவில் இடைவெளி விடும்.

உலர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் மரமும் காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதில்லை. நகாஷிமா தம் இறுதிக் காலத்தில், ஒவ்வொரு கண்டத்திலும் மாபெரும் வால்நட் மரத்தில் ஒரு சமாதான மேஜை அமைய வேண்டும் என்று சங்கற்பித்தார். முதலாவது 1986-ஆம் ஆண்டின் முடிவில் நியூயார்க்கின் தூய ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது; 1990-இல் அவர் காலமானபின், ஆசியாவுக்கென்று செய்த மேஜை 1996-இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் வெப்பமூட்டும் அமெரிக்க வீட்டினுள் மரத்தின் ஈரம் 7 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நம் கடலோரக் காற்றில் அது 14 சதவீதம் வரை ஏறும். 3 மீட்டர் அகலமுள்ள ஒரு வால்நட் மேற்பலகை அந்த வித்தியாசத்தால், அறுத்த விதத்துக்கேற்ப, 4 முதல் 6 சென்டிமீட்டர் வரை அகலத்தில் விரியக்கூடும். பசையும் ஆணியும் போட்டுக் கால்களோடு இறுக்கிவிட்டால் பலகை பிளக்கும், அல்லது சட்டம் உடையும். ஆகவே கால்சட்டத்தோடு மேற்பலகையைப் பிணைக்கும் இடங்களிலெல்லாம் திருகாணித் துளைகளை அகலவாக்கில் நீளமாக வெட்டி, ஆணியின் தலை அதற்குள் நகர்வதற்கு இடம் விட்டு, திருகை அளவுக்குமேல் முடுக்காமல் விடுகிறார்கள்.