மாஸ்டாவும் சுழல் எஞ்சினும்

ஒரு மோட்டார் காரின் குணத்தை அறிய விரும்புவோர் இரு சாராரைக் கேட்டல் வேண்டும். அதனைச் செய்தவர்கள் ஒரு சாரார். விலை கொடுத்து வாங்கிப் பல்லாண்டுகள் ஓட்டியவர்கள் மற்றொரு சாரார். செய்தவர்கள் அதன் சிறப்பை எடுத்துரைப்பார்கள். ஓட்டியவர்களோ சிறப்போடு பெட்ரோல் செலவையும் பழுது பார்த்த செலவையும் சேர்த்துச் சொல்வார்கள். இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றது ஜப்பான் நாட்டு மாஸ்டா காரின் வரலாறு.

மாஸ்டா என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. 1980-களில் பஞ்சாபில் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பெற்ற ஸ்வராஜ் மாஸ்டா நிறுவனத்தின் சிறு லாரிகளையும் சிறு பஸ்களையும் நம் சாலைகளில் பலரும் கண்டிருக்கிறார்கள். அப்பெயரின் மூலமும் நமக்கு அந்நியமானதன்று. பார்சி மக்கள் வழிபடும் அகுர மஸ்தா என்னும் ஞானத் தெய்வத்தின் பெயரே அது. நிறுவனத்தை வளர்த்த ஜுஜிரோ மட்ஸுடாவின் குடும்பப் பெயரோடு ஒலியில் ஒத்திருந்தமை அதனைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணம். ஜப்பானியர் இன்றும் அதனை மட்ஸுடா என்றே உச்சரிக்கின்றனர்.

1920-ஆம் ஆண்டில் ஹிரோஷிமா நகரில் இந்நிறுவனம் பிறந்தபோது அது செய்த பொருள் தக்கை. மீனவர் குடும்பத்தில் தோன்றி, இளமையில் ஒசாகா நகரத்துக் கொல்லுப் பட்டறையில் தொழில் பயின்ற மட்ஸுடா, அடுத்த ஆண்டு அதன் தலைமையை ஏற்றார். தக்கைத் தொழிலுக்கு எல்லை உண்டு என்று கண்ட அவர் இயந்திரத் தொழிலில் இறங்கினார். 1927-இல் நிறுவனத்தின் பெயர் டோயோ கோக்யோ என மாறிற்று. 1931-இல் மாஸ்டா என்ற பெயரைத் தாங்கிய முதல் வண்டி வெளிவந்தது. அது காரன்று, மூன்று சக்கரச் சரக்கு வண்டி. முன்புறம் மோட்டார் சைக்கிளையும் பின்புறம் சிறு லாரியையும் ஒத்திருந்த அவ்வண்டி, குறுகிய தெருக்களில் சரக்கு ஏற்றிச் செல்லும் சிறு வணிகர்களுக்குப் பேருதவியாக இருந்தது.

1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு விழுந்தது. தொழிற்சாலை, குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், ஹிஜியாமா என்னும் சிறு குன்றுக்கு அப்பால் அமைந்திருந்தது. வெடிப்பின் வேகத்தைக் குன்று ஓரளவு தடுத்தமையால் தொழிற்சாலையின் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. காயமுற்றோர்க்கு அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. அலுவலகம் இழந்த மாகாண நிர்வாகமும் அக்கட்டடங்களில் குடிபுகுந்து அடுத்த ஆண்டு வரை அங்கிருந்தே நடைபெற்றது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே மூன்று சக்கர வண்டிகளின் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. அழிந்த நகரை மீண்டும் எழுப்புவதற்குச் சுமை தாங்கும் வண்டிகள் வேண்டியிருந்தன அல்லவா? ஹிரோஷிமா மக்கள் இந்நிறுவனத்தின்மீது கொண்டுள்ள பற்றின் வேர் இங்கே இருக்கிறது.

1960-ஆம் ஆண்டில் ஆர்-360 என்னும் முதல் பயணிகள் கார் வெளிவந்தது. 356 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின். விலை 3 லட்சம் யென். கார் நன்றாக விற்பனையாயிற்று. ஆயினும் நிறுவனத்தின் எதிர்காலம் உறுதியாக இல்லை. ஜப்பானின் மோட்டார்த் தொழிலைச் சில பெரிய நிறுவனங்களின் கையில் ஒன்று திரட்ட வேண்டும் என்பது அந்நாளைய அரசாங்கத்தின் எண்ணம். அத்திட்டம் நிறைவேறினால் ஹிரோஷிமா நிறுவனம் டொயோட்டா, நிஸ்ஸான் போன்ற ஒன்றுக்குள் கரைந்து போகவும் கூடும். தனித்து நிற்பதற்குப் பிறரிடம் இல்லாத ஏதேனும் ஒன்று தேவை என்று கருதினார், ஜுஜிரோவுக்குப் பின் தலைமையேற்ற அவருடைய மகன் ட்சுனேஜி மட்ஸுடா. அதனைத் தேடி 1960-இல் ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே ஃபெலிக்ஸ் வான்கெல் என்பவரின் கருத்தைக் கொண்டு என்.எஸ்.யு. நிறுவனம் உருவாக்கி வந்த சுழல் எஞ்சினைச் செய்யும் உரிமைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1961-இல் ஜப்பானிய அரசாங்கம் அதற்கு இசைவு அளித்தது.

சுழல் எஞ்சின் என்பது யாது? வழக்கமான எஞ்சினில் பிஸ்டன், உரலில் விழும் உலக்கையைப் போல, மேலும் கீழும் ஓயாது சென்று வருகிறது. ஒவ்வொரு முறையும் அது மேல் எல்லையில் நின்று திரும்ப வேண்டும். கீழ் எல்லையிலும் நின்று திரும்ப வேண்டும். எஞ்சின் அதிர்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். வான்கெலின் எஞ்சினோ உலக்கையை ஒத்ததன்று. ஆட்டுக்கல்லின் குழவியை ஒத்தது. குழவி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே குழியையும் சுற்றி வருவதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே இவ்வெஞ்சினில், மூன்று பக்கங்களும் சற்றே உப்பிய முக்கோண வடிவான சுழலி ஒன்று அறைக்குள் சுற்றுகிறது. அந்த அறை, இரண்டு பருப்புள்ள நிலக்கடலையின் ஓட்டைப்போல், நடுவில் சிறிது ஒடுங்கியிருக்கும்.

சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் அறைச் சுவரைத் தொட்டுக்கொண்டே செல்கின்றன. ஆகவே சுழலிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று இடைவெளிகள் உண்டாகின்றன. சுழலி சுற்றும்போது ஒவ்வோர் இடைவெளியும் மாறி மாறி விரிந்து சுருங்குகிறது. விரியும்போது பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வருகிறது. சுருங்கும்போது அது அழுத்தம் பெறுகிறது. தீப்பொறி பட்டதும் வெடித்துச் சுழலியைத் தள்ளுகிறது. மறுபடியும் சுருங்கும்போது புகை வெளியேறுகிறது. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் இவ்வாறு மூன்று வெடிப்புகள் நிகழ்கின்றன. அதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடுகிறது. வால்வுகள் இல்லை, முன்னும் பின்னும் ஓடித் திரும்பும் உறுப்பும் இல்லை. சிறிய உருவில் மிகுந்த ஆற்றல் கிடைக்கிறது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை, செய்து பார்க்கும்போது அரும்பெருந் தொல்லையாக முடிந்தது. 1963-இல் கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின் தலைமையில் சுழல் எஞ்சின் ஆராய்ச்சிப் பகுதி நிறுவப்பட்டது. அதில் 47 பேர் பணியாற்றினர். தம் தலைவனுக்காக உயிர் கொடுத்த 47 வீரர்களின் கதை ஜப்பானில் குழந்தைகளும் அறிந்தது. இவர்களுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. சுழலியின் முனைகளில் பொருத்திய மெல்லிய அடைப்புப் பட்டைகள் சுவரில் உராய்ந்து, அலை அலையான வரிகளைக் கீறின. சில நூறு மணி நேர ஓட்டத்தில் எஞ்சின் பயனற்றதாயிற்று. அவ்வரிகளைப் பேயின் நகக் கீறல் என்று பொறியாளர்கள் அழைத்தனர். பல உலோகங்களை மட்டுமன்றி மாட்டெலும்பையும் குதிரையெலும்பையுங்கூடச் சோதித்துப் பார்த்தனர் என்று கூறுவர். இறுதியில், கரியும் அலுமினியமும் சேர்ந்த பட்டை அவர்களுக்குக் கைகொடுத்தது.

1967 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு சுழலிகள், இரண்டும் சேர்ந்து 982 கன சென்டிமீட்டர், 110 குதிரைச் சக்தி. 1968-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் இடைவிடாது நடந்த பந்தயத்தில் அக்கார் நான்காவதாக வந்தது. இவ்வெஞ்சின் உழைக்காது என்றவர்களுக்கு அதுவே விடை. உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் இவ்வெஞ்சினுக்கு உரிமை பெற்றிருந்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு சுழல் எஞ்சின் காரையும் விற்பனைக்குக் கொண்டுவராமலே முயற்சியைக் கைவிட்டது. கருத்தின் பிறப்பிடமாகிய என்.எஸ்.யு. நிறுவனமே 1969-இல் தன் தனித்தன்மையை இழந்து வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. விடாது நின்றது மாஸ்டா.

அந்த உறுதிக்கு விலை கொடுக்கும் நாள் 1973-இல் வந்தது. மேற்கு ஆசியப் போரின் விளைவாகப் பெட்ரோல் விலை பன்மடங்கு உயர்ந்தது. மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார்கள் நகர ஓட்டத்தில் ஒரு காலனுக்கு ஏறத்தாழ 10 மைலே செல்லும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் சோதனை அறிவித்தது. விற்பனை சரிந்தது. சுமிடோமோ வங்கி கைகொடுத்திராவிட்டால் நிறுவனம் நிலைத்திருப்பது ஐயமே. தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விற்பனையாளர்களாக வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் நிறுவனரின் குடும்பம் தலைமையை இழந்தது. 1979-இல் போர்டு நிறுவனம் நாலில் ஒரு பங்கை வாங்கிற்று. ஒரே கருத்தின்மீது தன் செல்வம் அனைத்தையும் வைத்தவன் படும் பாடு இது.

இவ்வெஞ்சின் பெட்ரோலை ஏன் மிகுதியாகக் குடிக்கிறது? காரணம் அதன் வடிவிலேயே இருக்கிறது. வெடிப்பு நிகழும் இடைவெளி நீண்டும் மெலிந்தும் நகர்ந்துகொண்டும் இருக்கிறது. ஆகவே தீ அதன் கோடி வரை எட்டுவதில்லை. எரியாத பெட்ரோல் புகையோடு போகிறது. பரந்த சுவர்கள் வெப்பத்தையும் உறிஞ்சிவிடுகின்றன. முனைப் பட்டைகள் வழுவழுப்பாக ஓடுவதற்காகச் சிறிது எண்ணெயும் உள்ளே செலுத்தப்பட்டு எரிகிறது. சுழற்சியின் இன்பத்தைத் தருவது எவ்வடிவமோ அவ்வடிவமே செலவையும் தருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை முற்றிலும் நீக்க வழியில்லை. இதனை நன்கு அறிந்தும் பொறியாளர்கள் முயன்று செலவைக் குறைத்தனர். 1978-இல் வந்த ஆர்.எக்ஸ்-7 என்னும் இலகுவான கார் மக்கள் மனத்தைக் கவர்ந்தது. 2002 வரை எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. 1991-இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு சுழலிகள் கொண்ட மாஸ்டா 787-பி முதலிடம் பெற்றது. ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை.

இனி, ஓட்டியவர்கள் கூறுவதைக் கேட்போம். ஆர்.எக்ஸ்-7, அதன் பின் 2003-இல் வந்த ஆர்.எக்ஸ்-8 ஆகியவற்றின் உரிமையாளர்கள் முதலில் சொல்வது எஞ்சினின் மென்மையைத்தான். வேகம் ஏற ஏற வழக்கமான எஞ்சின் உறுமி அதிரும். இதுவோ மேலும் இழைந்து ஓடும். எல்லை கடந்ததை ஓட்டுபவர் உணராமல் போகக்கூடும் என்பதால் ஓர் எச்சரிக்கை ஒலியை அமைத்திருக்கிறார்கள். எஞ்சின் சிறியதாய்ப் பின்தள்ளி அமைந்திருப்பதால் வளைவுகளில் கார் சொன்னபடி திரும்புகிறது என்பது அவர்களின் இரண்டாவது பாராட்டு.

அடுத்து வருவன குறைகள். பெட்ரோல் போடும்போது இரண்டு முறைக்கு ஒரு முறையேனும் எண்ணெயின் அளவைப் பார்த்தாக வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, காரைச் சில அடிகள் நகர்த்தி, உடனே நிறுத்திவிட்டால், பெட்ரோல் தேங்கி மறுமுறை கிளம்ப மறுக்கும். முனைப் பட்டைகள் தேய்ந்தால் அழுத்தம் குறையும். சூடான எஞ்சின் கிளம்பாமல் அடம் பிடிப்பது அதன் அறிகுறி. அந்நிலையில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதன்றி வேறு வழியில்லை; அதற்குத் தேர்ந்த கைகளும் எளிதில் கிடைப்பதில்லை. 2008-இல் மாஸ்டாவே அமெரிக்காவில் விற்ற ஆர்.எக்ஸ்-8 கார்களின் எஞ்சினுக்கு உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 100,000 மைல் என நீட்டியது. உரிமையாளர்களின் குறை கற்பனையன்று என்பதற்கு இது சான்று. ஆயினும் அவருள் பலர் அக்காரை விற்றபின்னும் அதன் ஒலியையே நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

மாஸ்டாவின் புகழ் சுழல் எஞ்சினோடு முடிவதன்று. 1989-இல் வெளிவந்த எம்.எக்ஸ்-5, வழக்கமான பிஸ்டன் எஞ்சினும் திறந்த கூரையும் கொண்ட இருவர் கார். குதிரையும் வீரனும் ஓருடல் ஆதல் என்னும் பழைய ஜப்பானியத் தொடரைக் குறிக்கோளாக வைத்து அதனை அமைத்தனர். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. உடைமைகளை வைக்க இடமில்லை, நெடிய உடலினர்க்கு நெருக்கம், பழைய கார்களின் ஓரத் தகட்டில் துருப்பிடிக்கிறது என்பவை உரிமையாளர்களின் குறைகள். எஞ்சின் நம்பகமானது, மெதுவாகச் செல்லும்போதும் ஓட்டும் இன்பம் குன்றாதது என்பவை அவர்களின் நிறைகள். சுழல் எஞ்சின் அளித்த இன்பத்தை, அதன் தொல்லையின்றி, எளியோர்க்கும் எட்டும் விலையில் கொடுத்த கார் என்று இதனைச் சொல்லலாம்.

புகை பற்றிய விதிகள் கடுமையாயின. 2012-இல் ஆர்.எக்ஸ்-8 நின்றது. பதினோராண்டு இடைவெளிக்குப் பின், 2023-இல், 830 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஒற்றைச் சுழலி எஞ்சின் ஒன்று எம்.எக்ஸ்-30 என்னும் காரில் மீண்டும் இடம் பெற்றது. இம்முறை அது சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. மின்சாரத்தை உண்டாக்கி, மின்கலத்துக்கும் மோட்டாருக்கும் கொடுக்கிறது. சிறிய இடத்தில் அடங்குதல், அதிர்வின்றி ஓடுதல் ஆகிய பழைய நற்குணங்களே அதற்கு இப்பணியை வாங்கித் தந்தன.

ஆகவே, சுழல் எஞ்சின் காரை வாங்கலாமா என்று ஒருவர் வினவினால், விடை அவருடைய தேவையைப் பொறுத்தது. குறைந்த செலவில் நாள்தோறும் குடும்பத்தோடு சென்றுவர விரும்புவோர்க்கு அது ஏற்றதன்று. எண்ணெயை அளந்து பார்க்கும் பொறுமையும் பெட்ரோலுக்குச் சிறிது பொருளும் உடையவர்க்கு, பிற கார்களில் காணாத இன்பத்தை அது அளிக்கும். செய்தவர்களின் வரலாறும் இதனையே கூறுகிறது. பிறர் கைவிட்ட கருத்தை மாஸ்டா கைவிடவில்லை. அதனால் ஒரு முறை அழிவின் விளிம்புக்கும் சென்று வந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால், ஹிரோஷிமாவின் இச்சிறு நிறுவனம் இன்று தன் பெயரோடு நின்றிருக்குமா என்பது ஐயமே.