அகதா கிறிஸ்டியின் முதல் துப்பறியும் நாவல்: பதிப்பு வரலாறும் இறுதி இயலின் மாற்றமும்

முன்னுரை

அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. எர்குயூல் புவாரோ என்னும் துப்பறிவாளர் அறிமுகமான படைப்பும் இதுவே. இந்நாவலின் முடிவு இன்றைய வடிவத்தைப் பெற்றதில் பதிப்பகத்திற்கு இருந்த பங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுதப்பட்ட சூழல்

முதல் உலகப்போர்க் காலத்தில் டார்க்கீ நகர மருத்துவமனையில் கிறிஸ்டி பணியாற்றினார். முதலில் செவிலியராகவும் பின்னர் மருந்து வழங்கும் பிரிவிலும் இருந்தார். துப்பறியும் கதை எழுத அவரால் இயலாது எனத் தமக்கை மேட்ஜ் முன்னர் விடுத்திருந்த அறைகூவலே இந்நாவலுக்குத் தூண்டுகோல். 1916-இல் எழுதப்பட்ட இக்கதையில் கொலைக்கருவி ஸ்ட்ரிக்னைன் நஞ்சு. மருந்துக் கலவையில் புரோமைடு சேரும்போது ஸ்ட்ரிக்னைன் வீழ்படிவாகப் புட்டியின் அடியில் தங்கும் என்ற வேதியியல் உண்மை கதைப்பின்னலுக்கு அடிப்படையாகிறது. டார்க்கீயில் தங்கியிருந்த பெல்ஜிய அகதிகளைக் கண்டதன் விளைவாகவே புவாரோ பெல்ஜியர் ஆனார்.

பதிப்பகமும் இறுதி இயலும்

பதிப்பகங்கள் சில மறுத்த கையெழுத்துப்படியை, நெடுங்காலம் கழித்து 'தி பாட்லி ஹெட்' நிறுவனத்தின் ஜான் லேன் ஏற்றார். மூல வடிவில் புவாரோ நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் நின்று மர்மத்தை விளக்குகிறார். நடைமுறைக்குப் பொருந்தாத அக்காட்சியை மாற்றுமாறு லேன் கோரினார். சட்டம் அறிந்தவரின் உதவியுடன் அதைத் திருத்துவது, வேறுவகையில் முடிப்பது என்னும் இரு வழிகளுள் கிறிஸ்டி இரண்டாவதைத் தேர்ந்தார். வழக்கு விசாரணை நாவலில் ஓர் இயலாக எஞ்சியது. குற்றவாளியை வெளிப்படுத்தும் களமோ வீட்டின் வரவேற்பறைக்கு மாறியது. நீதிமன்ற வடிவம் குறிப்பேடுகளில் தங்கி, ஜான் குரனின் 2011-ஆம் ஆண்டு நூல் வழி அச்சேறியது.

மருந்தறிவில் ஆசிரியர் பெற்ற பட்டறிவு நாவலின் வலிமையாயிற்று. நீதிமன்ற நடைமுறையில் அத்தகைய பட்டறிவு இல்லாமை வரவேற்பறை முடிவுக்கு வழிவகுத்தது. தொடர்புடையோர் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி உண்மையை உரைக்கும் முறை, பின்னர் புவாரோ கதைகளின் அடையாளமாகவே நிலைபெற்றது.

வெளியீடும் ஒப்பந்தமும்

இந்நாவல் 1920 பிப்ரவரி முதல் சூன் வரை 'தி டைம்ஸ்' வார இதழில் தொடராக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலும், 1921 சனவரியில் இங்கிலாந்திலும் நூலாயிற்று. ஆதலின் வெளியீட்டு ஆண்டைச் சுட்டும் ஆய்வாளர் எப்பதிப்பைக் கருதுகிறார் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். 2,000 படிகள் விற்ற பின்னரே உரிமத்தொகை என்றும், அடுத்த ஐந்து நூல்களையும் அந்நிறுவனத்திற்கே தரவேண்டும் என்றும் ஒப்பந்தம் வரையறுத்தது. முதல் நூலால் கிறிஸ்டி பெற்றது தொடர் உரிமையின் பாதியான 25 பவுண்டு மட்டுமே.

முடிவுரை

புவாரோ கதைகளின் தனிமுத்திரையாகக் கருதப்படும் வரவேற்பறை முடிவு ஆசிரியரின் தொடக்கத் திட்டத்தில் இல்லை. பதிப்பாளரின் மறுப்பிலிருந்து அது பிறந்தது. எனவே ஒரு வகைமையின் மரபை ஆராய்வோர் அச்சான பனுவலோடு நில்லாது, கைவிடப்பட்ட வடிவத்தையும் பதிப்புச் சூழலையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது ஆகும்.